'எனக்கு நலம் உண்டாகட்டும்' என்ற வரியில் தொண்டை அடைக்கிறது: கருணைத் தியானம் பழகியவர்கள் சொல்லுங்கள்

நைட்டூட்டி_குன்னூர் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசகி மட்டும்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ், 17 வருட சர்வீஸ். குன்னூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. இரவில் 26 படுக்கைக்கு இரண்டு பேர். ஒருத்தி லீவு போட்டால் நான் மட்டும். வீட்டில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கே கழற்றிப் போட்ட கையுறையை இங்கே வந்து மாட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. வெளியே உறைபனி, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தும் குளிர் உள்ளே வருகிறது. மணி மூன்று இருக்கும். ஒரு பாட்டி வென்ஃப்ளானை (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தும் ஊசிக்குழாய்) மூன்றாவது முறையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார். போர்வையெல்லாம் ரத்தம். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால், வேண்டியதற்கு மேல் அழுத்திப் பிடித்தேன். "சும்மா கிடக்க மாட்டியா?" என்று வார்டே எழுந்திருக்கும்படி ஒரு சத்தம். பாட்டி பயந்துபோய், "கோவிச்சுக்காத சாமி" என்றார்.

மறுநாள் அந்த மணிக்கட்டில் என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலம். வயதானவர்கள் தோல் அப்படித்தான், லேசாகத் தொட்டாலே கன்றிவிடும் என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு தோழி இழுத்துக்கொண்டு போய் எட்டு வாரக் கருணைத் தியான வகுப்பில் சேர்த்தாள். ஞாயிறு காலை, ஒரு வீட்டு மாடி, பத்துப் பேர். முதல் இரண்டு வாரம் மூச்சைக் கவனிப்பது. அது நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் வரிகள் ஆரம்பித்தார்கள். மகளை நினைத்து, 'உனக்கு நலம் உண்டாகட்டும், நீ பயமில்லாமல் இருக்க வேண்டும்' என்றேன், நெஞ்சு இளகியது. வார்டில் கிடக்கும் நோயாளிகளுக்கும் சொல்ல முடிந்தது. 'எனக்கு நலம் உண்டாகட்டும்' என்று வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

தனக்குத்தானே நலம் சொல்லிக்கொள்ளும் இந்தப் பகுதிக்கு நடத்துகிறவர் 'தன்னிரக்கம்' என்று பெயர் சொல்கிறார். எங்கள் வீட்டில் அது வசவுச் சொல். "தன்னிரக்கத்தில் கிடந்து உருகாதே, போய் வேலையைப் பார்" என்பார் அம்மா.

இரண்டு கேள்வி. ஒன்று, இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமா? எனக்கு வேண்டாம், மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேனே. இரண்டு, ஏற்கெனவே பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறேன். இன்னும் கருணை வளர்த்தால் இன்னும்தானே வலிக்கும்?

——

கொழுந்து_கோத்தகிரி | ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதே. உனக்கு வேண்டியது தியானம் இல்லை, தூக்கம்.

எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபேக்டரி கொடுக்கிற விலை பறிக்கிற கூலிக்கே சரியாகப் போகிறது. கவாத்து வெட்ட, அதாவது செடியைக் கத்தரித்துவிட, ஆள் கிடைப்பதில்லை. போன மாதம் கரடி எங்கள் ஊர்க் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. இந்த நிலைமையில் கண்ணை மூடி 'எல்லா உயிரும் இன்புற்றிருக்க' என்று உட்கார்ந்தால் கரடி வந்து கேட்கப் போகிறதா, ஃபேக்டரிக்காரர் கேட்கப் போகிறாரா? வசதி உள்ளவர்கள் செய்கிற பொழுதுபோக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

——

பெருமாள்மலை_வாத்தியார் | திங்கள், காலை 5.40

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் ரிட்டையர்டு ஆசிரியர். எங்கள் ஊரில் போதி ஜென்டோ என்ற ஜென் மையம் 1996 முதல் இருக்கிறது. தொடங்கியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைத் துறவி. ஜப்பானில் காமகுராவில் யமதா கோவுன் ரோஷி என்ற ஜென் குருவிடம் பயின்றவர். பாதிரியார் ஜென் கற்றுத் தருகிறாரா என்று வேடிக்கை பார்க்கப் போனவன்தான் நான். அங்கே பிரதானம் உட்காருவது. இந்த வரிகள் சொல்லும் முறை தேரவாத பௌத்தத்திலிருந்து வருவது. அதை நான் தனியாகப் படித்துப் பழகினேன்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த முறையை வரிசைப்படுத்தி எழுதி வைத்தவர் புத்தகோசர். 5ஆம் நூற்றாண்டு, இலங்கையில் அனுராதபுரம், 'விசுத்திமக்கம்' என்ற நூல். முதலில் தான், பிறகு மதிப்புக்குரிய அன்பர், பிறகு முன்பின் தெரியாதவர், கடைசியில் பகையாளி. 'தான்' ஏன் முதலில் என்றால், அங்கேயே நின்று தன்னைக் கொஞ்சிக்கொண்டிருக்க அல்ல. நூறு வருடம் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாலும் அதனால் மட்டும் மனம் ஆழ்ந்து ஒன்றிவிடாது என்று அவரே எழுதுகிறார். தன்னை வைப்பது சாட்சிக்காக. நான் நன்றாக இருக்க விரும்புகிறேன், வலிக்குப் பயப்படுகிறேன்; அப்படித்தானே அவரும்? இந்த ஒப்புமைக்கு ஒரு சாட்சி வேண்டும், அதற்கு நீங்கள் கூண்டில் ஏறுகிறீர்கள். அவ்வளவுதான். சாட்சியே 'நான் வர மாட்டேன்' என்றால் வழக்கு நடக்காது.

ஆனால் என்னை உலுக்கிய பகுதி வேறு. ஒரு துறவி, தனக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகையாளி ஆகியோரோடு நான்காவது ஆளாக உட்கார்ந்திருக்கிறார். திருடர்கள் வந்து, "நால்வரில் ஒருவரைக் கொடு, பலி கொடுக்க வேண்டும்" என்கிறார்கள். 'இவரைக் கொண்டு போ' என்று யாரையாவது காட்டினால் அவருடைய மைத்திரி, அதாவது எல்லாரிடமும் காட்டும் அன்பு, இன்னும் முழுமை பெறவில்லை. இது யாருக்கும் புரியும். 'இவர்களை விட்டுவிடு, என்னைக் கொண்டு போ' என்றால்? நம் ஊரில் கோயில் கட்டுவோம். புத்தகோசர் அதற்கும் தேர்ச்சி இல்லை என்கிறார்! நால்வரில் கொடுப்பதற்கு ஒருவரும் இல்லை என்று தெரியும்போதுதான் எல்லைக்கோடு அழிகிறது.

இதைப் படித்த அன்று என் மனைவியை நினைத்துக்கொண்டேன். 34 வருடமாக ஒவ்வொரு நாளும் 'என்னைக் கொண்டு போ' என்று சொல்லாமல் சொல்லி, கடைசித் தோசையைக் கருகலாகத் தனக்கு வைத்துக்கொள்கிறவள். அதைத் தியாகம் என்று நினைத்துச் சாப்பிட்டவன் நான். ஆகவே அம்மா, 'எனக்கு வேண்டாம், மற்றவர்களுக்கு மட்டும்' என்பது பெருந்தன்மை மாதிரித் தெரியும். நால்வரில் ஒருவரைத் திருடனிடம் கொடுத்ததாகத்தான் கணக்கு.

——

மேகமூட்டம் | திங்கள், காலை 8.05

பின்தொடர்கிறேன். (வாத்தியார் ஐயா, அந்தத் தோசை வரியோடு நான் இப்போது சமையலறைக்குள் போக முடியவில்லை.)

——

ஆலோசகர்_ஊட்டி | திங்கள், மதியம் 1.30

மனநல ஆலோசகராக ஊட்டியில் வேலை செய்கிறேன். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் நர்ஸ்கள், ஆசிரியர்கள், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்.

அடுத்தவர் வலியைப் பார்த்து நமக்கும் வலிப்பது ஒன்று. அவர் வலி தீர வேண்டும் என்று மனம் அவர் பக்கம் நகர்வது இன்னொன்று. பேச்சில் இரண்டையும் 'இரக்கம்' என்றே சொல்லிவிடுகிறோம். மூளையில் இரண்டும் வேறு வேறு தடம். தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற மூளை ஆய்வாளர்கள் செய்த பயிற்சி ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு குழுவுக்கு முதலில் மற்றவர் துயரத்தை அப்படியே தானும் உணரும் பயிற்சி. பிறகு துன்பக் காட்சிகள் உள்ள வீடியோக்களைக் காட்டினார்கள். வேதனை உணர்வு கூடியது, வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் வேலை செய்தன. அதே ஆட்களுக்கு அடுத்துக் கருணைப் பயிற்சி. வேதனை இறங்கியது, இதமான உணர்வு கூடியது. பரிவு, பற்று ஆகியவற்றோடு சேர்ந்த வேறு பகுதிகள் வேலை செய்தன. துன்பத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டதால் வந்த நிம்மதி இல்லை அது. காட்சி துன்பக் காட்சிதான்.

இதற்கு முன்பு, 2007இல், மத்தியூ ரிக்கார் என்ற பிரெஞ்சு பௌத்தத் துறவியை ஸ்கேனரில் படுக்க வைத்து, 'கருணை வேண்டாம், வலியை மட்டும் உணருங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். பல்லாயிரம் மணி நேரம் தியானம் செய்தவர். அவரே கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் களைத்துப்போனார். கருணைக்கு மாறலாம் என்று சொன்ன பிறகுதான் மீண்டார்.

வாத்தியார் ஐயா சொன்ன அதே நூலில் இது வேறு வார்த்தையில் இருக்கிறது. கருணைக்குத் தூரத்துப் பகை கொடூரம். பக்கத்துப் பகை துயரம். பக்கத்துப் பகை கருணை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்காரும், அதனால்தான் ஆபத்து. 17 வருடமாக உங்களைப் பிழிந்தது கருணை இல்லை, அதன் பக்கத்து வீட்டுக்காரர்.

தொண்டை அடைப்பதற்கும் பெயர் உண்டு. கிறிஸ்டோபர் கெர்மர் என்ற உளவியலாளர் தீயணைப்புக்காரர்களிடமிருந்து 'பேக்டிராஃப்ட்' என்ற சொல்லை எடுத்திருக்கிறார். மூடிய அறையில் தீ காற்றில்லாமல் அமுங்கிக் கிடக்கும். கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டு 'பக்'கென்று வெளியே பாயும். ரொம்ப நாள் பூட்டி வைத்த மனதுக்குள் முதல் தடவை அன்பு நுழையும்போது பழைய வலியெல்லாம் சேர்ந்து பாய்வது அதுபோலத்தான். நீங்கள் தகுதியில்லாதவர் என்று அர்த்தம் இல்லை. கதவை ஒரேயடியாகத் திறந்துவிட்டீர்கள். கொஞ்சம் சாத்திக்கொண்டு, விரற்கடை அளவுக்குத் திறங்கள்.

அப்புறம் அந்தச் சொல். 'தன்னிரக்கம்' தமிழில் நிச்சயமாகத் தப்பு. அது கழிவிரக்கத்தின் தங்கை. நான் 'தற்பரிவு' என்கிறேன். சிலர் 'தன்மேல் கனிவு' என்கிறார்கள். கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் இதை மூன்று கூறாகப் பிரிக்கிறார்: தன்னிடம் கடுமை காட்டாமல் இருப்பது, 'இது எனக்கு மட்டும் நடப்பதில்லை' என்று தெரிவது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. கழிவிரக்கத்தில் நடுவில் உள்ளது கிடையாது. 'எனக்கு மட்டும் ஏன்?' என்பதுதான் அதன் பல்லவி.

——

நெறியாளர் | திங்கள், மதியம் 2.10

'21 நாளில் கோபம் போக்கும் செயலி' என்ற விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. இன்னொரு முறை வந்தால் கணக்கும் போகும்.

——

கூடலூர்க்காரி | திங்கள், இரவு 8.45

எல்லாரும் அறிவாகப் பேசுகிறீர்கள். ஒருவருமே கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். 26 படுக்கைக்கு ஒரு ஆள் என்றால், தப்பு அந்த அக்காவின் மனதிலா இருக்கிறது? ஆள் போடாத நிர்வாகம் தியானம் கற்றுக்கொள்ளட்டும். பிழிகிற கை அப்படியே இருக்க, துணிக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதா?

அக்கா, முதலில் அதை எழுதி மேலே கொடுங்கள். பதில் வராது என்றாலும் கொடுங்கள்.

அதைச் சொன்ன பிறகு இதையும் சொல்கிறேன். நான் இந்தத் தியானத்தை மூன்று வருடமாகச் செய்கிறேன். உங்களைப் போலவே எனக்கும் அந்த வரி ஏறவில்லை. 'நலம் உண்டாகட்டும்' என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

எங்கள் அம்மாயி சிலோனிலிருந்து வந்தவர். சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடை போட்டுவிட்டு லயத்துக்கு வந்ததும் முதல் வேலை, என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பது. பத்து விரலும் சடசடவென்று சத்தம் போடும். விரல் முழுக்கத் தேயிலைக் கறை, உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். "நல்லா இரு சாமி" என்பார். அவ்வளவுதான்.

நான் எனக்கு நானே சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டேன். உட்கார்ந்ததும் அந்தச் சொரசொரப்பை நினைப்பேன், அப்புறம் சத்தத்தை. "நல்லா இரு சாமி" என்று அம்மாயி சொல்ல, நான் வாங்கிக்கொள்வேன். வாங்கிக்கொள்வதற்கு மட்டும் ஆறு மாதம் ஆனது. பிறகு ஒரு நாள் அதே குரலில் எதிர் லயத்து அக்காவுக்குச் சொன்னேன். எனக்கு நானே சொன்னது அதற்கும் ரொம்ப நாள் கழித்து. வரிசை தலைகீழ்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

——

பெருமாள்மலை_வாத்தியார் | செவ்வாய், காலை 5.35

அம்மாயி காலமாகிவிட்டாரா? கேட்பதற்குக் காரணம் உண்டு. இறந்தவரை நினைத்து மைத்திரி தொடங்கக் கூடாது என்பது புத்தகோசர் விதி. காலமான குருவை நினைத்து முயன்ற ஒரு துறவிக்கு மனம் ஒன்றவே இல்லை என்று கதையும் சொல்கிறார்.

——

கூடலூர்க்காரி | செவ்வாய், காலை 7.20

காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஐயா, புத்தகோசருக்கு எங்கள் அம்மாயியைத் தெரியாது.

——

பெருமாள்மலை_வாத்தியார் | செவ்வாய், காலை 7.50

சரிதான். அவர் எழுதியது ஆழ்ந்த சமாதி நிலை நாடுகிற துறவிகளுக்கு. மனசு இளகினால் போதும் என்கிறவர்களுக்கு அந்த விதியைக் கொண்டுவந்து நீட்டியது என் வாத்தியார் புத்தி.

நீங்கள் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டதும் நியாயமே. வள்ளுவர் அருளை 'அன்பு பெற்ற குழந்தை' என்கிறார். அந்தக் குழந்தையை வளர்க்கும் செவிலி யார் தெரியுமா? பொருள். 757ஆம் குறள், 'அருளுடைமை' அதிகாரத்தில் இல்லை, 'பொருள் செயல்வகை'யில் வைத்திருக்கிறார். வார்டுக்கு இன்னொரு செவிலியர் சம்பளம் ஒதுக்காமல் கருணையை மட்டும் எதிர்பார்ப்பவர்களுக்கு அதை அச்சடித்து அனுப்பலாம்.

——

கல்லட்டி_36 | செவ்வாய், இரவு 11.00

டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். தியானம் எல்லாம் தெரியாது. ஆனால் வாத்தியார் சொன்ன 'முன்பின் தெரியாதவர்' என்ற ஆள் எனக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கிடைக்கிறார்கள்.

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். கீழேயிருந்து முதல் தடவை வருகிறவனுக்கு இது தெரியாது. நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்று கத்துவேன். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஒருவனையாவது திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி தோள்பட்டை கல் மாதிரி இருக்கும். ஒரு தடவை நடுவளைவில் நின்ற காரைத் திட்டப் போய் எட்டிப் பார்த்தால், பிரேக் கருகின வாசனை, ஸ்டியரிங்கில் ஒரு பையன், கை நடுங்குகிறது, பின்சீட்டில் அம்மா சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஃபர்ஸ்ட் கியரில் எப்படி இறக்குவது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

அதிலிருந்து ஹாரனில் கை போகும்போது 'இவனுக்கும் கை நடுங்கும்' என்று ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன். பத்துக்கு ஆறு தடவை மறந்துபோகிறது. இது நீங்கள் சொல்வதில் சேருமா?

——

ஆலோசகர்_ஊட்டி | புதன், காலை 9.15

சேரும் அண்ணா. அதுதான் இதன் நடுப்பகுதியே.

கோத்தகிரி அண்ணன் 'கண்ணை மூடினால் என்ன ஆகும்' என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் பாஸ்டனில் எட்டு வாரத் தியான வகுப்பு முடித்தவர்களை வைத்து 2013இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. ஏதோ சோதனைக்கு என்று வரச்சொல்லி, வரவேற்பறையில் உட்கார வைக்கிறார்கள். மூன்றே நாற்காலி, இரண்டில் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள். ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முனகிக்கொண்டு வருகிறார். ஏற்பாட்டு ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டு கண்டுகொள்ள மாட்டார்கள். தியானம் பழகாதவர்களில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் 16 சதவீதம். பழகியவர்களில் 50. நாற்பது பேர்கூட இல்லாத ஆய்வு என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட மாட்டேன். பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை என்பதையும் பாருங்கள்.

குன்னூர் சகோதரிக்கு மூன்று விஷயம். வரியை உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். அடைக்கத் தொடங்கினால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டாலும் அதுவும் பயிற்சிதான். உட்கார நேரமில்லை என்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கை கழுவுகிறீர்களே, அந்த 20 விநாடி போதும். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள்.

——

கொழுந்து_கோத்தகிரி | சனி, இரவு 9.30

நாலு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு, சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் பகையாளி. எனக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர். தடப் பிரச்சினை. கொழுந்துச் சாக்கை ரோட்டுக்குக் கொண்டுவர எங்கள் அப்பா காலத்து ஒற்றையடிப் பாதை. அதில் கம்பி வேலி போட்டுவிட்டார். மூன்று வருடமாகக் கோர்ட்டில் கிடக்கிறது. கண்ணை மூடி, 'நீயும் நல்லா இரு' என்றேன். அடுத்த நொடியே 'எப்படிடா நல்லா இருப்பே' என்று உள்ளேயிருந்து பதில். பத்து நிமிடத்தில் வேர்த்துவிட்டது, இந்தக் குளிரில்!

அப்புறம் வாத்தியார் சார் எழுதிய வரிசையைத் திரும்பப் படித்தேன். பகையாளி கடைசியில்தானாம். கவாத்து வெட்டாமல் கொழுந்து எதிர்பார்த்த கதை. மறுநாள் என் நாயிலிருந்து ஆரம்பித்தேன். அது சுலபம். பிறகு பஸ் கண்டக்டர். பகையாளியிடம் இன்னும் போகவில்லை. ஆனால் நேற்று அவர் மனைவி இருமிக்கொண்டே கொழுந்து பறிக்கிற சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது. மூன்று வருடமாக இருமியிருப்பார் போலிருக்கிறது. எனக்கு நேற்றுத்தான் கேட்டது.

கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். தடம் என்னுடையது. அதில் மாற்றம் இல்லை.

——

கல்லட்டி_36 | சனி, இரவு 9.50

கேஸும் நடக்கட்டும், நாயும் நல்லா இருக்கட்டும் அண்ணே.

——

நைட்டூட்டி_குன்னூர் | ஞாயிறு (மூன்று வாரம் கழித்து), காலை 10.20

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, கோவித்துக்கொள்ளாதீர்கள்.

கூடலூர்த் தங்கச்சி சொன்னபடி எழுதிக் கொடுத்தேன், இன்னும் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி. 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதியதற்கு அப்புறம் ஒன்று தெரிந்தது: இத்தனை நாள் எல்லாம் என் ஒருத்தியின் கோளாறு என்று நினைத்திருக்கிறேன்.

வகுப்பை விடவில்லை. வரியை மாற்றிக்கொண்டேன். எனக்கு நெட்டி முறிக்க யாரும் ஞாபகத்தில் இல்லை. எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை. என் மகள் சின்ன வயதில் நான் டூட்டி முடிந்து வந்தால் என் கால் மேல் ஏறி மிதிப்பாள், வலி போக. அந்தப் பாதங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வார்த்தை எதுவும் வைக்கவில்லை. தொண்டை இன்னும் அடைக்கிறது. எழுந்து ஓடுவதில்லை.

கை கழுவும் 20 விநாடி ஒரு ராத்திரியில் நாற்பது தடவை வருகிறது. அதில் மூன்று நான்கு தடவை ஞாபகம் வரும். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், ஹீட்டர் ரிப்பேர். அந்த டிசம்பர்ப் பாட்டியின் மணிக்கட்டு வரும். முன்பு அது வந்தால் உடனே, 'சீ, நீயெல்லாம் ஒரு நர்ஸா' என்ற குரலும் கூடவே வரும். இப்போது மணிக்கட்டு மட்டும் வருகிறது, சில சமயம் அதைப் பிடித்த என் கையும். 20 மணி நேரம் தூங்காத கை. நான் அழுத்தியது அழுத்தியதுதான், அதை மாற்றிச் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை ராத்திரி வேறொரு பாட்டி. இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். இவரும் வென்ஃப்ளானைப் பிடுங்கினார். அதே மணி மூன்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது ஏறாமல் இருக்கவில்லை. மணிக்கட்டை எடுத்தேன், பஞ்சை வைத்து அமுக்கினேன், இந்தத் தடவை வேண்டிய அளவுக்கு. "வலிக்குதா பாட்டி?" என்றேன். "உனக்குக் கால் வலிக்குதா?" என்றார் அவர். நான் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. "ஆமா பாட்டி, ரொம்ப வலிக்குது" என்றேன். 17 வருடத்தில் ஒரு பேஷண்டிடம் அப்படிச் சொன்னது கிடையாது.

அவரால் இடுப்பை அசைக்க முடியாது. நல்ல காலை மட்டும் மெதுவாக மடக்கிக் கட்டில் ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டு, "உக்காரு" என்றார்.

பேஷண்ட் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது ரூல். உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். சூப்பர்வைசர் ரவுண்ட்ஸ் வந்திருந்தால் மெமோ நிச்சயம்.